நாரத்தை சென்ற நெடுவழி

 

எம் மதரஸாவில் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் பாரிஸ் மாநகரின் புறப்பகுதியில், ஓர் உணவகத்தின் சமையற்கட்டில் பணியாற்றி வருகிறார். அவருடைய சொந்த ஊர் காரைக்கால். 1739-இல் பிரெஞ்சுக்காரர் கைக்குச் சென்று, 1954-இல் இந்தியாவுடன் இணைந்த ஊர் அது என்பதைத் தாங்கள் அறிவீர்கள். அந்தப் பழைய தொடர்பினால் காரைக்கால் குடும்பங்கள் பலவற்றுக்குப் பிரான்சு நாடு பிழைப்புக்கும் வாழ்வுக்கும் இடமாக அமைந்துவிட்டது.

அம்மாணவர் ஒருநாள் தொலைபேசியில் அழைத்தார். குரலில் ஒரு தளர்ச்சி தெரிந்தது.

“ஹஜ்ரத், வாத்து இறைச்சிக்கு ஊற்றும் ஆரஞ்சுக் குழம்பு ஒன்றை எனக்குக் கற்றுத் தந்தார்கள். எல்லாம் முடிந்து இறக்கும் நேரத்தில் ஆரஞ்சு மணமுள்ள மது ஒன்றை அதில் ஊற்றச் சொன்னார்கள். அதை மட்டும் நான் செய்ய மாட்டேன் என்றேன். அது இல்லையென்றால் இந்தக் குழம்பே இல்லை என்று தலைமைச் சமையற்காரர் கூறிவிட்டார். மது விலக்கப்பட்டது என்பது எனக்குத் தெரியும். அதைக் கேட்பதற்காக அழைக்கவில்லை. அவர் சொன்னது உண்மையா? அது இல்லாமல் அந்தக் குழம்பே இல்லையா?” என்று வினவினார்.

வாசகர்களே! அவர் கேட்டது ஃபத்வா அன்று. மார்க்கத்தில் அவருக்கு ஐயம் ஏதும் இல்லை. ஒரு பொருளின் உண்மையான வரலாறு என்ன என்பதே அவருடைய கேள்வி. கல்லூரியில் வரலாறு பயின்றவன் என்ற முறையில், உடனே விடை கூறாமல் சில நாள் தவணை கேட்டேன். நூல்களைப் புரட்டியபோது, ஒரு குழம்பைப் பற்றிய கேள்வி என்னைப் பிரான்சிலிருந்து ஸ்பெயினுக்கும், அங்கிருந்து பக்தாதுக்கும், ஓமானுக்கும், இறுதியில் நம் வீட்டு ஊறுகாய்ச் சாடிக்கும் அழைத்து வந்தது. அவருக்குச் சொன்ன விடையைத் தங்களுடனும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பிகராட் என்னும் குழம்பு

பிரெஞ்சு மக்கள் சுட்ட இறைச்சியைத் தனியே பரிமாறுவதில்லை. அந்த இறைச்சியிலிருந்து வடிந்த சாற்றையே அடிப்படையாகக் கொண்டு ஒரு குழம்பு தயாரித்து, துண்டுகளின் மேல் ஊற்றித் தருவர். வாத்து இறைச்சிக்கென்று அவர்கள் தொன்றுதொட்டுச் செய்துவரும் குழம்பின் பெயர் ‘பிகராட்’. கசப்பு ஆரஞ்சுக் கனிக்குப் பிரெஞ்சு மொழியில் வழங்கும் பெயரே பிகராட் என்பதாகும். அதாவது, கனியின் பெயரே குழம்பின் பெயராயிற்று. இன்று உலகெங்கும் உணவகப் பட்டியல்களில் ‘ஆரஞ்சு வாத்து’ என்று காணப்படும் பண்டத்துக்கு மூலம் இதுவே.

வாத்து இறைச்சியில் கொழுப்பு மிகுதி. இரண்டு துண்டு உண்டவுடன் நாவில் ஒரு வழுவழுப்பு படிந்து திகட்டிவிடும். அந்தத் திகட்டலைப் புளிப்பு அறுக்கிறது; புளிப்பின் கூர்மையைச் சிறிது இனிப்பு தணிக்கிறது; இவ்விரண்டுக்கும் பின்னே மெல்லிய கசப்பு ஒன்று நின்று, அடுத்த கவளத்துக்கு நாவைத் துலக்கி வைக்கிறது. பிரியாணிக்குப் பக்கத்தில் எலுமிச்சை ஊறுகாயும், வறுத்த இறைச்சிக்குப் பக்கத்தில் புளிப்பான பச்சடியும் வைக்கின்ற நம் இல்லத்துப் பெண்மணிகளுக்கு இந்தத் தத்துவத்தை விளக்கத் தேவையில்லை.

பிரெஞ்சுச் சமையலை நவீன முறையில் ஒழுங்கு செய்து எழுதியவர் என்று போற்றப்படுபவர் ஒகுஸ்த் எஸ்கோஃபியே (1846 - 1935). அவர் 1903-இல் வெளியிட்ட ‘சமையல் வழிகாட்டி’ என்ற நூல் இன்றளவும் அத்தொழிலின் மூல நூலாக மதிக்கப்படுகிறது. அவர் பிறந்த ஊர் நீஸ் நகருக்கு அருகே, மத்தியதரைக் கடலோரத்தில் இருக்கிறது. கசப்பு ஆரஞ்சு மரங்கள் நிறைந்த வட்டாரம் அது. அங்குள்ள வல்லோரிஸ் என்ற ஊரில் அம்மரத்தின் பூக்களை விற்பதற்காகவே 1904-இல் உழவர்கள் கூட்டுறவுச் சங்கம் ஒன்றை அமைத்தனர் என்றால், அம்மரம் அப்பகுதி மக்களுக்கு எத்துணை வாழ்வளித்தது என்பதை எண்ணிப் பாருங்கள்.

எஸ்கோஃபியே தம் நூலில் பிகராட் குழம்பை முடிக்கும் முறையைத் தெளிவாக எழுதியுள்ளார். வாத்து வெந்த சாற்றிலிருந்து கொழுப்பை முற்றிலும் நீக்க வேண்டும். ஆரஞ்சுச் சாறும் எலுமிச்சைச் சாறும் சேர்க்க வேண்டும். தோலை மெல்லிய இழைகளாகச் சீவி, கொதிநீரில் வேக வைத்துக் கசப்பை நீக்கி, இறுதியில் தூவ வேண்டும். குழம்பின் முடிப்புக்கு அவர் கூறும் பொருள்கள் கனியும் கனியின் தோலுமே!

என் மாணவருக்கு நான் சொன்ன முதல் விடை இதுதான்.

கனி வந்த வழி

இரண்டாம் விடைக்கு, அந்தக் கனியின் பயணத்தை அறிய வேண்டும்.

கசப்பு ஆரஞ்சு என்பது பம்பளிமாசும் கமலா ஆரஞ்சும் கலந்து பிறந்த இனம் என்று மரபணு ஆய்வாளர் கண்டறிந்துள்ளனர். அதன் பிறப்பிடம் ஆசியா. ஐரோப்பா அதைத் தானாகப் பெறவில்லை. அரபியர் கைவழியாகவே பெற்றது.

இதற்கு நேரடியான சான்று கூறுபவர் அல்மஸ்ஊதி என்ற அரபு வரலாற்றாசிரியர். கி.பி. 956 வாக்கில் மறைந்தவர். பல நாடுகளைச் சுற்றி வந்தவர். ‘முரூஜுத் தஹப்’ என்ற தம் பெருநூலில் அவர் தரும் செய்தி இது: நாரஞ்ச் மரம் ஹிஜ்ரி 300-க்குப் பின்னர், அதாவது கி.பி. 912-க்குப் பின்னர், இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்டது. முதலில் ஓமானில் நடப்பட்டது. அங்கிருந்து பஸராவுக்கும், இராக்கின் பிற பகுதிகளுக்கும், ஷாம் நாட்டுக்கும் சென்றது. பின்னர் எகிப்து வரை பரவியது. இந்திய மண்ணில் அதற்கிருந்த நறுமணமும் வண்ண அழகும் புதிய மண்ணில் குறைந்துபோயின என்றும் அவர் வருந்தி எழுதுகிறார். வேற்று நாட்டில் குடியேறிய எந்தத் தாவரத்துக்கும் நேர்வதுதானே இது!

‘நாரஞ்ச்’ என்ற அந்த அரபுச் சொல்லைக் கவனியுங்கள். பாரசீக மொழியில் அது ‘நாரங்’. சமஸ்கிருதத்தில் ‘நாரங்க’. அதற்கும் மூலம் திராவிட மொழிச் சொல்லாக இருக்கலாம் என்று மொழி நூலார் பலர் கருதுகின்றனர். நம் ‘நாரத்தை’ அச்சொற்குடும்பத்தைச் சேர்ந்ததே. மேற்கு நோக்கிச் சென்றபோது ஸ்பானிய மொழியில் ‘நாரன்ஹா’ என்று நின்றது. பிரெஞ்சு மொழியில் முதலில் இருந்த நகர ஒலி உதிர்ந்து ‘ஒராஞ்’ ஆயிற்று. அங்கிருந்து ஆங்கிலத்துக்குச் சென்று, இன்று நாம் பழக்கடையில் கேட்டு வாங்கும் ‘ஆரஞ்சு’ ஆகத் திரும்பி வந்திருக்கிறது. நாரத்தையும் ஆரஞ்சும் நம் சமையற்கட்டில் அடுத்தடுத்து அமர்ந்திருக்கின்றன. ஒன்று ஊரை விட்டு அகலாத சொல், மற்றொன்று உலகைச் சுற்றித் திரும்பிய சொல்!

அரபியர் இம்மரத்தைச் சிசிலித் தீவுக்கும், அல்அந்தலுஸ் என்று அவர்கள் அழைத்த ஸ்பெயினுக்கும் கொண்டு சென்றனர். 12-ஆம் நூற்றாண்டில் செவில் நகரில் வாழ்ந்த இப்னுல் அவ்வாம் என்ற வேளாண் அறிஞர், தம் ‘கிதாபுல் ஃபிலாஹா’ நூலில் நாரஞ்ச் மரத்தை வளர்க்கும் முறையை எழுதியிருக்கிறார். அதே நகரில் முவஹ்ஹிதுகள் 1172-இல் தொடங்கி 1198-இல் நிறைவு செய்த பெரும் பள்ளிவாசல், பின்னாளில் தேவாலயமாக மாறிவிட்டது. ஆயினும் அதன் முற்றம் இன்றும் ‘நாரஞ்ச் முற்றம்’ என்றே ஸ்பானிய மொழியில் வழங்குகிறது. செவில் நகரத் தெருக்களின் இருமருங்கிலும் இன்றும் கசப்பு ஆரஞ்சு மரங்களே நிழல் தருகின்றன. அக்கனியைப் பறித்து அப்படியே உண்ண இயலாது, அத்துணைக் கசப்பு. ஆங்கிலேயர் அதை வாங்கிச் சென்று மார்மலேட் என்னும் பழப்பாகு செய்கின்றனர்.

பிரான்சு நாட்டின் பெரும்பகுதியில் நிலவும் குளிர் இம்மரத்துக்கு ஆகாது. ஆகவே செல்வர்கள் அதைத் தொட்டிகளில் வளர்த்து, குளிர்காலத்தில் மாளிகைக்குள் வைத்துக் காத்தனர். பதினான்காம் லூயி மன்னர் தம் வெர்சாய் அரண்மனையில் இத்தொட்டி மரங்களுக்கென்றே 1684 முதல் 1686 வரை மாபெரும் மண்டபம் ஒன்றைக் கட்டுவித்தார். ஓமான் கடற்கரையில் நடப்பட்ட மரத்தின் இனத்துக்கு, எழுநூறு ஆண்டுகள் கழித்துப் பிரெஞ்சு மன்னர் அரண்மனை எழுப்பினார்!

பெருமையும் வரம்பும்

இவ்விடத்தில் ஓர் எச்சரிக்கை கூறுவது என் கடமை. இத்தகைய செய்திகளைப் படித்தவுடன், “பிரெஞ்சுக்காரர் குழம்பே நம்முடையதுதான்” என்று மேடையில் முழங்கும் ஆவல் நம்மவர் சிலருக்கு எழுவதுண்டு. அது முறையன்று.

இறைச்சியைப் புளிப்பும் இனிப்பும் கூட்டிச் சமைக்கும் கலை அரபு, பாரசீக அடுக்களைகளில் ஓங்கியிருந்தது உண்மை. காடியும் இனிப்பும் சேர்த்துச் சமைக்கும் ‘ஸிக்பாஜ்’ என்ற பாரசீக உணவு, பக்தாது கலீஃபாக்களின் விருந்துகளில் தலைமை இடம் பெற்றிருந்தது. முஹம்மத் இப்னுல் ஹஸன் அல்பக்தாதி 1226-இல் எழுதிய ‘கிதாபுத் தபீக்’ என்ற சமையல் நூலிலும் அதற்கு இடம் உண்டு. நாரஞ்ச் சாற்றில் இறைச்சி சமைக்கும் ‘நாரஞ்சிய்யா’ என்ற உணவும் இடைக்கால அரபு நூல்களில் காணப்படுகிறது. இவையெல்லாம் மறுக்க இயலாதவை.

ஆனால் கனியைக் கொண்டு சேர்த்தது வேறு. குழம்பை உருவாக்கியது வேறு. வாத்தின் சாற்றை வற்றக் காய்ச்சி, கொழுப்பை நீக்கி, சர்க்கரையைக் கருக்கி, காடி விட்டுக் கரைத்து, கனிச்சாற்றால் முடிக்கும் இந்த நுட்பம் பிரெஞ்சுச் சமையற்காரர்களின் உழைப்பு. பிறருடைய உழைப்பை நம் கணக்கில் எழுதிக்கொள்வது நேர்மையாகாது. மரம் ஒருவர் நட்டது, உணவு ஒருவர் சமைத்தது என்று இருவருக்கும் உரியதை இருவருக்கும் அளிப்பதே நீதி.

மது எங்கிருந்து வந்தது?

இனி, மாணவரின் கேள்விக்கு நேராக வருவோம்.

ஐரோப்பாவில் முதலில் பரவியது கசப்பு ஆரஞ்சே. இனிப்பு ஆரஞ்சு 15, 16-ஆம் நூற்றாண்டுகளிலேயே அங்குப் பரவலாயிற்று. அதைப் பரப்பியதில் போர்த்துக்கீசிய வணிகருக்குப் பெரும் பங்குண்டு. இதற்கு ஒரு மொழிச் சான்றும் இருக்கிறது. இன்றும் அரபியர் கசப்புக் கனியை ‘நாரஞ்ச்’ என்றும், இனிப்புக் கனியைப் போர்த்துக்கல் நாட்டின் பெயரால் ‘புர்துகால்’ என்றும் அழைக்கின்றனர். வளைகுடா நாடுகளில் பணியாற்றும் நம் சகோதரர்கள் பழரசக் கடைகளில் நாள்தோறும் கேட்கும் சொல் அது.

உண்பதற்கு இனியது எளிதாகக் கிடைக்கும்போது கசப்பைத் தேடுவார் யார்? சந்தையிலும் அடுக்களையிலும் இனிப்பு ஆரஞ்சு முந்திக்கொண்டது. பிகராட் குழம்பிலும் அது புகுந்தது. ஆனால் இனிப்பு ஆரஞ்சில் அந்தக் கூரிய புளிப்பு இல்லை. தோலின் நறுங்கசப்பும் இல்லை. குழம்பு வெறும் பழப்பாகு போல் ஆகிவிடும். இந்தக் குறையை நிரப்பவே பல உணவகங்கள் ஆரஞ்சு மணமுள்ள மதுவை ஊற்றுகின்றன.

அந்த மதுவுக்கு அம்மணம் எதிலிருந்து கிடைக்கிறது தெரியுமா? கசப்பு ஆரஞ்சின் தோலிலிருந்து! குராசோ என்ற மது, அப்பெயருடைய தீவில் விளையும் கசப்பு ஆரஞ்சின் தோலால் மணம் பெறுவது. 1880-இல் பிரான்சில் தோன்றிய கிராண்ட் மார்னியேர் என்பதும் அத்தோலின் மணத்தையே கொண்டது. எனவே, பிகராட் கனியை எடுத்துவிட்டு, அதன் தோலை ஊறவைத்த மதுவை ஊற்றி, இழந்த மணத்தை மீட்கிறார்கள். கனியையே பயன்படுத்தினால் மீட்க வேண்டியது எதுவும் இல்லை.

“அது இல்லாமல் இந்தக் குழம்பு இல்லை” என்று தலைமைச் சமையற்காரர் கூறியதில் ஒரு பாதி உண்மை உண்டு. ஏதோ ஒன்று இல்லாமல் இக்குழம்பு இல்லை. ஆனால் அந்த ஒன்று மது அன்று, நாரத்தையின் தோல்.

கொதித்தால் போய்விடுமா?

“அடுப்பில் வைத்தால் மது ஆவியாகிப் போய்விடும், பிறகு என்ன தடை?” என்று கூறுவோர் நம் இளைஞர்களிடையேயும் இருக்கின்றனர். மார்க்கத் தீர்ப்பை ஆலிம் பெருமக்களிடம் கேட்டறியுங்கள். இங்கே அறிவியல் கூறுவதை மட்டும் எடுத்துரைக்கிறேன். 1992-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இதை அளந்து பார்த்து வெளியிட்டனர். கொதிக்கும் உணவில் மதுவை ஊற்றி உடனே இறக்கினால் அதன் சாராயத்தில் 85 விழுக்காடு எஞ்சுகிறது. தீ மூட்டி எரியவிட்டாலும் 75 விழுக்காடு எஞ்சுகிறது. 15 நிமிடம் கொதித்தால் 40 விழுக்காடும், இரண்டரை மணி நேரம் கொதித்தாலும் ஏறத்தாழ 5 விழுக்காடும் மிஞ்சுகின்றன. இறக்கும் நேரத்தில் ஊற்றப்படும் மது பெரும்பாலும் அப்படியே தட்டுக்கு வந்துவிடுகிறது என்பதே இதன் பொருள்.

மூன்று கேள்விகள்

அயல் நாடுகளில் படிக்கவும் பணியாற்றவும் செல்லும் நம் பிள்ளைகள் உணவகத்தில், “இதில் மது இருக்கிறதா?” என்ற ஒரே கேள்வியோடு நின்றுவிடுகின்றனர். இந்தக் குழம்பைப் பொறுத்தவரை அது போதாது. மூன்று கேள்விகள் கேட்க வேண்டும்.

முதலாவது, பறவை எவ்வாறு அறுக்கப்பட்டது? பிரான்சில் வாத்துகளுள் நாந்த் நகரத்து வாத்து, ரூவான் நகரத்து வாத்து என்று இரண்டு பெயர் பெற்றவை. நாந்த் வாத்தின் கழுத்தை அறுத்து இரத்தத்தை வடியவிடுவர். ரூவான் வாத்தையோ, இரத்தம் உடலிலேயே தங்கி இறைச்சி சிவந்திருக்க வேண்டும் என்பதற்காக, மூச்சடக்கிக் கொல்லுவது மரபு. கழுத்து நெரிந்து இறந்த பிராணி விலக்கப்பட்ட உணவுகளுள் ஒன்றாகத் திருக்குர்ஆனின் 5-ஆம் அத்தியாயத்தில் எண்ணப்பட்டுள்ளதைத் தாங்கள் அறிவீர்கள். இரத்தம் வடிந்தால் மட்டும் போதாது, அறுப்பு முறையாக இருக்க வேண்டும் என்பதையும் நான் நினைவூட்டத் தேவையில்லை.

இரண்டாவது, குழம்பின் அடிப்படை எது? பிரெஞ்சுச் சமையற்கட்டில் பழுப்பு நிற அடிக்குழம்பு ஒன்றை முன்கூட்டியே பெரிய பானையில் காய்ச்சி வைத்திருப்பர். பழைய முறைப்படி அதில் வெங்காயம், காரட்டுடன் பன்றிக் கொழுப்பும் சேர்த்து வதக்குவர்; மதுவும் சேர்வதுண்டு. மேலே ஊற்றும் மதுவை மட்டும் தவிர்த்தவர், அடியில் இருப்பதை அறியாமல் உண்டுவிடக் கூடும்.

மூன்றாவது, இறுதியில் ஊற்றப்படுவது என்ன? இதைத்தான் நம் மாணவர் கண்ணால் கண்டு விலகிக்கொண்டார்.

காடியைப் பற்றியும் ஒரு சொல். காடியை நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் பாராட்டிய செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம் பெற்றுள்ளது. பிரான்சில் கிடைக்கும் காடியில் பெரும்பகுதி திராட்சை மதுவிலிருந்து வருவது. மது தானாகவே காடியாக மாறிவிட்டால் அது தூய்மையானது. ஏதேனும் பொருளைப் போட்டு மாற்றினால் ஷாஃபி மத்ஹபில் அது ஆகாது. ஹனஃபி மத்ஹபில் ஆகும். ஐயம் உள்ள இடத்தில் எலுமிச்சைச் சாறே போதுமானது. குழம்பின் சுவையும் அதனால் கெட்டுவிடாது.

நம் அடுக்களையில் செய்யும் முறை

இனி, இல்லத்தரசிகள் செய்து பார்ப்பதற்கு ஏற்ற முறையைக் கூறுகிறேன். என் மாணவரிடம் கேட்டறிந்து, எம் வீட்டில் இருமுறை செய்து பார்த்து எழுதுவது இது. வாத்து கிடைக்காதவர்கள் நாட்டுக்கோழியிலும் செய்யலாம்.

முறையாக அறுத்த, ஏறத்தாழ 2 கிலோ எடையுள்ள வாத்து ஒன்றை உப்பும் மிளகுத் தூளும் தடவிச் சுட்டெடுங்கள். அடுப்புப் பெட்டி இல்லாதவர்கள் கனமான தேக்சாவில் மூடி போட்டு, மெல்லிய தீயில் அதன் கொழுப்பிலேயே புரட்டிப் புரட்டி வேக வைக்கலாம்.

கழுத்து, இறக்கை நுனி, ஈரல் நீங்கலான உள்ளுறுப்பு ஆகியவற்றைத் தனியே எடுத்து, ஒரு வெங்காயம், ஒரு காரட்டு ஆகியவற்றுடன் பழுப்பு நிறம் வரும்வரை வதக்குங்கள். ஒரு லிட்டர் நீர் ஊற்றி, ஒன்றரை மணி நேரம் மெல்லக் கொதிக்க விட்டு, 400 மில்லி அளவுக்கு வற்றியதும் வடிகட்டுங்கள். சிறிது நேரம் ஆறவிட்டு, மேலே மிதக்கும் கொழுப்பைக் கரண்டியால் முழுவதும் எடுத்துவிடுங்கள். கொழுப்பு தங்கினால் குழம்பு தெளியாது.

கனிக்கு வருவோம். நம் சந்தைகளில் நாரத்தை என்ற பெயரில் ஒன்றுக்கு மேற்பட்ட புளிப்புக் கனிகள் விற்கப்படுகின்றன. உருண்டையாக, மெல்லிய தோலுடன், நன்கு பழுத்து மஞ்சள் நிறமாக உள்ளதைத் தேர்ந்தெடுங்கள். ஒரு நாரத்தைக்கு ஓர் இனிப்பு ஆரஞ்சு என்பது அளவு. நாரத்தை கிடைக்காவிட்டால் இரண்டு ஆரஞ்சும் ஓர் எலுமிச்சையும் போதும். முதலில் தோலின் வண்ணப் பகுதியை மட்டும் மெல்லச் சீவிக்கொள்ளுங்கள். உள்ளே உள்ள வெண்மைப் பகுதி கடும் கசப்பு, அது வேண்டாம். சீவிய தோலை ஊசி போன்ற இழைகளாக நறுக்கி, கொதிநீரில் 2 நிமிடம் வேக வைத்து, நீரை வடித்துவிட்டு, புதிய நீரில் மீண்டும் ஒருமுறை அவ்வாறே செய்யுங்கள். கசப்பு நீங்கி மணம் மட்டும் நிற்கும். கைகளைக் கழுவிய பின்னரே சாற்றைப் பிழியுங்கள்; தோலின் எண்ணெய் சாற்றில் கலந்தால் கைத்துவிடும். பிழிந்த சாற்றை வடிகட்டி வையுங்கள்.

ஒரு சிறிய பாத்திரத்தில் 2 மேசைக்கரண்டிச் சர்க்கரையைச் சிறிது நீருடன் காய்ச்சுங்கள். தேன் நிறம் கடந்து செம்பழுப்பு ஆகும் தருணத்தில் 2 மேசைக்கரண்டிக் காடியையோ எலுமிச்சைச் சாற்றையோ ஊற்றுங்கள். சீறிப் பொங்கும், முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். அருகில் சிறு பிள்ளைகள் நிற்க வேண்டாம். இந்தப் பாகு கருகினால் கசந்துவிடும்; வெளுத்திருந்தால் வெறும் இனிப்பாகும். கைப்பழக்கம் வேண்டிய இடம் இது ஒன்றே.

பாகு கரைந்ததும் வடித்த சாற்றை ஊற்றிப் பத்து நிமிடம் கொதிக்க விடுங்கள். ஒரு தேக்கரண்டி ஆரோரூட் மாவைக் குளிர்ந்த நீரில் கரைத்துச் சேர்த்தால், குழம்பு கரண்டியின் முதுகில் படியும் பதத்துக்கு வரும். கனிச்சாற்றை இறுதியில்தான் ஊற்ற வேண்டும். நெடுநேரம் கொதித்தால் அதன் மணம் பறந்துவிடும். ஒரு கொதி வந்ததும் இறக்கி, தோல் இழைகளைத் தூவி, ஒரு கரண்டி வெண்ணெய் போட்டுக் கலக்குங்கள். உப்பும் புளிப்பும் பார்த்து, தேவையெனில் எலுமிச்சையால் சரிசெய்யுங்கள். இறைச்சித் துண்டுகளின் மேல் சிறிதளவே ஊற்றுங்கள். இது நம் சால்னா போல் தாராளமாக ஊற்றும் குழம்பன்று.

மாணவரின் பெருநாள்

இவற்றையெல்லாம் நான் கூறி முடித்தபோது, மறுமுனையில் சிறிது நேரம் அமைதி நிலவியது. “ஹஜ்ரத், எஸ்கோஃபியே நூல் எங்கள் சமையற்கட்டு அலமாரியிலேயே இருக்கிறது. நான் பிரித்துப் பார்த்ததில்லை” என்றார் அவர்.

பெருநாள் அன்று, முறையாக அறுத்த வாத்து வாங்கித் தம் இல்லத்தில் அக்குழம்பைச் செய்தார். கசப்பு ஆரஞ்சை மொரோக்கோ நாட்டுச் சகோதரர் ஒருவரின் கடையில் வாங்கினாராம். மறுநாள் ஒரு சிறு பாத்திரத்தில் குழம்பை மட்டும் கொண்டுபோய்த் தலைமைச் சமையற்காரரிடம் கொடுத்தார். அம்மனிதர் கரண்டியால் எடுத்துச் சுவைத்து, மீண்டும் ஒருமுறை சுவைத்து, “இது பிகராட்தான்” என்றாராம்.

உணவகத்தின் வழக்கம் அதனால் மாறிவிடவில்லை. அங்கே இன்னமும் அந்த மதுவைத்தான் ஊற்றுகின்றனர். நம் மாணவர் தம்மைக் காய்கறிப் பகுதிக்கு மாற்றுமாறு கேட்டுக்கொண்டார், மாற்றிவிட்டனர். ஊதியத்தில் சிறிது குறைவு. “பரவாயில்லை ஹஜ்ரத், இரவில் உறக்கம் வருகிறது” என்றார்.

அவருடைய எட்டு வயது மகன் பெருநாள் விருந்தின்போது, “வாப்பா, இது பிரெஞ்சுச் சாப்பாடா, நம்ம சாப்பாடா?” என்று கேட்டானாம். என்ன விடை கூறினீர்கள் என்று நான் கேட்டேன். “பழம் நம் பக்கத்திலிருந்து போனது, பக்குவம் இவர்களுடையது, ஹலாலாக்கியது உன் உம்மாவும் நானும் என்று சொன்னேன். அவன் அதைக் கேட்கவில்லை ஹஜ்ரத், இன்னொரு துண்டு கேட்டான்” என்று கூறிச் சிரித்தார்.

வாசகப் பெருமக்களே! தங்கள் பிள்ளைகளும் நாளை எந்த நாட்டுக்கும் செல்லக்கூடும். அங்குள்ள உணவை இகழ்ந்து ஒதுங்கவும் வேண்டாம். கண்ணை மூடிக்கொண்டு உண்ணவும் வேண்டாம். கேட்டறிந்து, ஹலாலான பொருள்களைக் கொண்டு தம் கையால் சமைத்து உண்ணும் பழக்கத்தை இப்போதே அவர்களுக்குக் கற்றுக்கொடுங்கள். ஆண் பிள்ளைகளுக்கும் சேர்த்தே சொல்கிறேன்.

வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு ஹலாலான, தூய்மையான உணவை வழங்கியருள்வானாக! ஆமீன்.